கோழித் தீவனத்தில் ஆரம்பிச்ச வினை

இங்கே அமெரிக்காவில் கறி வாங்கப் போனா, சில கோழி பாக்கெட்டுகளில் "ஆண்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது"ன்னு பெரிசா போட்டிருப்பாங்க. அப்போ மத்த கோழிக்கெல்லாம் காய்ச்சலான்னு கேட்கத் தோணும். விஷயம் நோயில் ஆரம்பிக்கலை மக்களே, எடையில் ஆரம்பிச்சது.

1948 கடைசி. நியூயார்க் மாநிலத்தில், பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகம். ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக் பிறந்த இடம். அது பிறந்த சமயம் அங்கே ஆராய்ச்சி இயக்குநரா இருந்தவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்ச எல்லப்பிரகட சுப்பாராவ். 1948 ஆகஸ்டில் அவர் காலமாயிட்டார். அதுக்கப்புறம்தான் இந்தக் கதை.

மருந்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 வைட்டமின் இருக்கேன்னு, தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. குஞ்சுங்க எதிர்பார்த்ததை விட வேகமா எடை போட்டுச்சு. காரணம் வைட்டமின் மட்டும் இல்லை, சக்கையில் ஒட்டியிருந்த மருந்துன்னு 1950ல் தெரிய வந்தது. 1951லேயே டாக்டர் சீட்டு இல்லாம தீவனத்தில் கலக்க அனுமதியும் கிடைச்சாச்சு!

இதில் என்ன தப்பு? தினமும் கொஞ்சூண்டு மருந்து உள்ளே போனா, பலவீனமான பாக்டீரியா சாகும், தாக்குப்பிடிச்சது பெருகும். அதோட, எதிர்ப்புச் சக்தி தரும் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையம் மூலமா ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்குக் கைமாத்தும். 1969லேயே பிரிட்டனின் ஸ்வான் கமிட்டி, மனுஷ வைத்தியத்துக்கு வேண்டிய மருந்தை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடாதீங்கன்னு சொல்லிடுச்சு.

"நிரூபணம் எங்கே?"ன்னு கேட்டவங்களுக்குப் பதில் சொன்னவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் லெவி. பாஸ்டன் பக்கத்தில் ஒரு பண்ணையில், டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனத்தைக் கோழிகளுக்குக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலில் இருந்தது கிட்டத்தட்ட முழுக்க மருந்துக்கு அடங்காத பாக்டீரியா. அஞ்சாறு மாசத்தில் பண்ணை ஆட்கள் 11 பேரில் 7 பேர் வயித்திலும் அதே நிலைமை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க 24 பேரில் 3 பேர்தான். இத்தனைக்கும் கொடுத்தது ஒரு மருந்து. அந்த பாக்டீரியா பல மருந்துகளுக்கு டிமிக்கி கொடுத்துச்சு. இது வெளியானது 1976ல்.

அடுத்த வருஷமே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, தீவனத்தில் பென்சிலின், டெட்ராசைக்ளினை நிறுத்தலாம்னு கிளம்பிச்சு. நாடாளுமன்றத்தில் முட்டுக்கட்டை. கிடப்பில் கிடந்த அந்த யோசனையை 2011ல் கைவிட்டாங்க. ஐரோப்பா 2006லேயே வளர்ச்சிக்காகக் கொடுக்கும் ஆண்டிபயாடிக் அத்தனையையும் தடை பண்ணிடுச்சு. மனுஷங்களுக்கு முக்கியமான மருந்துகளை எடை ஏத்துறதுக்காகக் கொடுக்கிறது அமெரிக்காவில் நின்னது 2017ல்தான்.

அதுக்குள்ளே 2015ல் சீனாவில் இன்னொரு அதிர்ச்சி. கடைசி ஆயுதமா டாக்டருங்க வச்சிருந்த கொலிஸ்டினையும் தோற்கடிக்கும் மரபணு பன்றியிலும், பச்சைக் கறியிலும், நோயாளிகளிடமும் இருந்துச்சு. அதுவும் பிளாஸ்மிட் ஏறித்தான் வந்தது. இந்தியா 2019ல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்கத் தடை போட்டது.

பாலைக் காய்ச்சினா, கறியை நல்லா வேக வச்சா பாக்டீரியா செத்துடும். ஆனா பச்சைக் கறி தொட்ட கையும், வெட்டின பலகையும், பண்ணையிலிருந்து ஓடும் கழிவும் அடுப்பில் ஏறுவதில்லையே. 1976ல் விடை கையில் இருந்துச்சு. 2017 வரை 41 வருஷம், கிலோ கணக்கு பார்த்தே கழிஞ்சு போச்சு. அந்தக் கணக்கில் ஆஸ்பத்திரி பில்லை யாரும் சேர்க்கவே இல்லை.