கிட்டங்கிப் பெட்டியும் உணவகக் கல்லாவும்

மலேசியாவின் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில், தமிழகத்தின் செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார் அன்று கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், கொடுக்கல் வாங்கல் நடத்தினர். இன்று அந்த வட்டாரத்து உணவகங்களில் தொடுதிரைக் கல்லாக்கள் பில் போடுகின்றன. தொழில் வேறு, காலம் வேறு. இரண்டுக்கும் முன்னிருக்கும் கேள்வி ஒன்றே: பணம் புழங்கும் இடத்தில் யார் எதைத் தொடலாம்?

கிட்டங்கியில் பெட்டியடிப் பையன் ஏவல் வேலை செய்தபடியே கணக்கெழுதப் பழகினான். அடுத்தாள் வசூலையும் பேரேட்டையும் கவனித்தார். யாருக்கு எவ்வளவு கடன் என்பதை முதலாளியின் முகவரான மேலாள் தீர்மானித்தார்.

உணவக மென்பொருளிலும் அதே அடுக்கு. பரிமாறுபவர் ஆர்டரைப் பதியலாம். பதிந்ததை அழிக்க முடியாது. காசாளர் பணம் வாங்கலாம். தள்ளுபடி தர மேலாளரின் ரகசிய எண் வேண்டும். அன்றைய விற்பனை மொத்தம் சமையற்கட்டுத் திரைக்கு வருவதில்லை.

வியப்பான உறவு இதற்கடுத்து வருகிறது. மேலாள் கையொப்பமிட்டது முதலாளியின் விலாசத்தில், அதாவது தொழிற்பெயரில். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார்; வேறொருவர் வந்து அமர்வார். ஆள் மாறினாலும் அதிகாரம் இருக்கையிலேயே நின்றது. 1992இல் அமெரிக்கக் கணினி ஆய்வாளர்கள் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் கணினிக்கு வகுத்த முறையின் கருவும் இதுவே: அனுமதியை ஆளுக்குத் தராதே, பொறுப்புக்குத் தா.

காவலில்தான் இரண்டும் பிரிகின்றன. கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல விலாசத்தார் பெட்டி போட்டு உட்கார்ந்தார்கள். உறவும் ஊர்ப்பெயரும் கண்காணித்தன. அங்கே தவறு செய்தவர் செட்டிநாட்டிலும் முகம் காட்ட முடியாது. கல்லாவுக்கு ஊரார் இல்லை. யார், எந்த நேரத்தில், எதை அழித்தார் என்ற பதிவேடு மட்டுமே உண்டு. மதியக் கூட்டத்தில் மேலாளரின் எண்ணை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் அந்தப் பதிவேடும் ஊமையாகிவிடும். முன்னதில் அந்நியருக்கு இடமில்லை. பின்னதில் நேற்று வேலைக்குச் சேர்ந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இடமுண்டு.

இன்னொரு வேறுபாடு நுட்பமானது. கிட்டங்கியின் படிநிலை வேலியாகவும் ஏணியாகவும் இருந்தது. பையன் அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாகவும் உயரலாம். மென்பொருளின் படிநிலை வேலி மட்டுமே: நொடியில் அனுமதி தரும், நொடியில் பறிக்கும், யாரையும் வளர்க்காது. ஏணியைப் போடும் வேலை இன்னும் உணவக முதலாளியின் கையில்தான் இருக்கிறது.