இனவாக்கு என்னும் வாசிப்பு: இலங்கை அதிபர் தேர்தலும் வெளியார் பார்வையும்

2019 நவம்பர் 16 அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலின் மாவட்ட முடிவுகளை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குத் தீவு இரு நிறமாகத் தெரிந்தது. 52.25 விழுக்காடு பெற்று கோத்தபய ராஜபக்ச வென்றார். சஜித் பிரேமதாசவுக்கு 41.99. அம்பாந்தோட்டையில் மூன்றில் இரண்டு பங்கு கோத்தபயவுக்கு. யாழ்ப்பாணத்தில் 83 விழுக்காட்டுக்கு மேல் சஜித்துக்கு. இரு தரப்பும் இனம் பார்த்து வாக்களித்தன என்று முடிவுகட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. என்று இனவாரியாகக் கட்சி கண்டு பழகிய மலேசியாவில், ஜொகூரின் செடெனாக் போன்ற ஊரிலிருந்து பார்க்கும் தமிழருக்கு அது இன்னும் எளிது. நாட்டுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே இங்கு இல்லாததால், இருவரில் ஒருவரைத் தடுப்பதற்காக மற்றவருக்கு வாக்களிக்கும் நெருக்கடி நமக்குப் புலப்படுவதில்லை. தெற்கைப் பொறுத்தவரை அந்த முடிவில் உண்மை உண்டு. வடக்கையும் கிழக்கையும் அது தவறாகப் படிக்கிறது.

அந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டே இதற்குச் சான்று. 35 வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் அடங்க, சீட்டு இரண்டடிக்கு மேல் நீண்டது. அதில் வடமராட்சியைச் சேர்ந்த எம்.கே. சிவாஜிலிங்கம் இருந்தார், காத்தான்குடியின் ஹிஸ்புல்லாவும் இருந்தார். தன் இனத்தவரைத்தான் தேடியிருந்தால் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆள் இருந்தது. சிவாஜிலிங்கத்துக்கு நாடு முழுவதும் கிடைத்த வாக்குகள் 13,000ஐ எட்டவில்லை. ஹிஸ்புல்லாவுக்கு 40,000 வரவில்லை. வடகிழக்கு திரண்டது ஒரு சிங்கள பௌத்தரின் பின்னால். 2010இல் நடந்தது இதைவிடக் கடுமையான சோதனை. இறுதிப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ்ப்பாணத்தில் பதிவான வாக்குகளில் 63 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. வாக்களித்தோர் கால்வாசியினர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் சாவடிக்கு வந்தவர்கள் அத்தளபதியின் சின்னத்துக்கு எதிரே புள்ளடியிட்டது இன அபிமானத்தால் அல்ல. ஆட்சியிலிருந்த ராஜபக்ச குடும்பம் திரும்பி வரக் கூடாது என்பதே அவர்களின் கணக்கு.

இந்தக் கணக்கின் பின்னிருந்த அச்சத்துக்குக் காரணமும் கண்முன்னே இருந்தது. 2019 வாக்களிப்பு நாளன்று, 1990இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்கள் வாக்களிக்க மன்னாருக்குப் பேருந்துகளில் சென்றபோது, தந்திரிமலையருகே அவை சுடப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை. மூன்றாம் நாள் அனுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்ற புதிய அதிபர், சிங்களப் பெரும்பான்மையின் வாக்காலேயே வெல்ல முடியும் என்று தாம் அறிந்திருந்ததாகச் சொன்னார். டொனால்ட் ஹோரோவிட்ஸ் 1985இல் வெளியிட்ட தம் நூலில், 1978 அரசமைப்பின் விருப்பு வாக்கு முறை வேட்பாளர்களைச் சிறுபான்மையினரை நாடச் செய்யும் என எதிர்பார்த்தார். பெரும்பான்மை பிளவுபட்டால்தான் அது நடக்கும். 2015இல் மைத்திரிபால சிறிசேன 51.28 விழுக்காட்டில் வென்றது அப்படித்தான். பெரும்பான்மை ஒன்றுபட்டுவிட்டால் சிறுபான்மையின் வாக்கு தேவையற்றதாகிவிடுகிறது. தேர்தலின் ஒழுங்கை மட்டும் அளக்கும் கண்காணிப்பாளருக்கு இது அகப்படாது என்பதே என் வருத்தம்.

வடகிழக்கு அப்படித் திரண்டது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் கட்டளைக்குக் கட்டுப்பட்டதால்தானே, கட்சி சொன்னதால் இனமாகத் திரண்டார்களே என்று மறுக்கலாம். கூட்டமைப்பு 2010இலும் 2019இலும் ஆதரவு அறிவித்தது உண்மைதான். ஆனால் 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில், அக்கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தும் யாழ்ப்பாணத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் ஏறத்தாழ அவரளவு பெற்றார். அப்படியானால் இனவாக்கு இருக்கிறதே என்பார் சிலர். இருக்கிறது, அஞ்ச வேண்டிய வேட்பாளர் களத்தில் வலுவாக இல்லாதபோது அது தலைகாட்டியது, அப்போதும் மூவரில் இருவர் அதை ஏற்கவில்லை. எட்டு வாரங்களுக்குள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டம் தன் ஆறு இடங்களில் மூன்றைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. அதற்கு விழுந்தவை கால்வாசி வாக்குகளே. ஆனாலும் வேறெந்தக் கட்சியும் அந்த அளவை எட்டவில்லை. தேசிய மக்கள் சக்தியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி.யின் வழக்கில்தான் 2006இல் உச்ச நீதிமன்றம் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது.