மதுரை பார்த்த நாள்: ஏலமலை அடிவாரத்துப் பயணங்களின் வரலாறு

தேவாரம், போடிநாயக்கனூர், கோம்பை, பண்ணைப்புரம் என ஏலமலைச் சரிவின் கீழ் அமைந்த ஊர்களின் மக்களுக்குப் பெருநகரம் என்பது பல தலைமுறைகளாக மதுரையே ஆகும். 1990-களின் நடுப்பகுதியில் தேனி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவ்வூர்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தமையால், நில வழக்கானாலும் பெரிய நோய்க்கான மருத்துவமானாலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே செல்ல வேண்டியிருந்தது. ஆகவே ஒருவர் முதன்முதலாக நகரத்தைப் பார்த்த நாள், அதற்கென்றே ஒதுக்கப்பட்ட நாளாக இராமல், பெரும்பாலும் வேறொரு காரியத்தோடு சேர்ந்து வந்த நாளாகவே இருந்தது. அந்நாளில் எதைப் பார்க்கலாம், எதுவரை உள்ளே போகலாம், எப்போது ஊர் திரும்பலாம் என்பவற்றைப் பார்ப்பவரின் ஆர்வத்தைவிடச் சட்டமும் சாதியும் வண்டி நேரமுமே முடிவு செய்தன.

தொடக்கத்தில் இப்பயணம் மாட்டுவண்டிப் பயணமாகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதைக் காணக் குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டுவது மதுரையைச் சுற்றிய நாட்டுப்புறத்தின் நெடுநாள் வழக்கம். மதுரைக்கு இரயில் 1875-இல் வந்தபோதிலும் இவ்வூர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்குக்கு அதனால் உடனே விளைந்த பயன் சிறிது. முல்லைப்பெரியாறு அணைக்கான தளவாடங்கள்கூட அம்மையநாயக்கனூர் நிலையத்தில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோட்டில், இறக்கப்பட்டு அங்கிருந்து மாட்டுவண்டிகளிலேயே கூடலூர்ப் பக்கம் சென்றன. 1895-இல் அணை திறக்கப்பட்டுப் பள்ளத்தாக்கு நெல் விளையும் நிலமானதும், மலைமேல் ஏலமும் தேயிலையும் பெருகியதும் சேர்ந்துதான் இருப்புப்பாதைக்கு வழி வகுத்தன. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1928-இல், மதுரை - போடி இரயில் ஓடத் தொடங்கியது. சரக்கை முன்னிட்டு வந்த அந்த இரயில் மனிதர்களையும் ஏற்றிச் சென்றதால், நாட்கணக்கில் நீண்ட வழி சில மணி நேரமாகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயணம் மறுபடியும் சாலையை நம்பியே நடந்தது.

இவ்வழி எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை என்பதைப் பயண வரலாறு எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். இருப்புப்பாதை ஊடறுத்துச் செல்லும் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டபின், கைரேகை பதிவு செய்யப்பட்ட ஒருவர் ஊரைவிட்டு வெளியே செல்ல ராதாரிச் சீட்டு எனப்பட்ட அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை, அம்மக்களுக்கு மதுரையைச் சுற்றிப் பார்ப்பது என்பது அரசின் சீட்டுக்குக் காத்திருக்கும் செயலாகவே இருந்தது. இக்கொடுமையைச் சொல்லாமல் அப்பாதையின் கதையைச் சொல்வது முறையாகாது.

இரயிலைவிட்டு இறங்கியவரின் கண்ணில் முதலில் படுவது, நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம். வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்காகக் கட்டப்பட்ட அறக்கட்டடமே சத்திரமாகும். 1689 முதல் 1706 வரை ஆண்ட அரசியின் பெயர் தாங்கிய இவ்விடம், இரயில் வந்தபின் வெளியூராரின் முதல் புகலிடமாயிற்று. அதன் முன்னே செல்லும் வெளிவீதி, 1830-களிலும் 1840-களிலும் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானது. வெளி, மாசி, ஆவணி மூலம், சித்திரை என ஒன்றனுள் ஒன்றாகச் சுருங்கும் வீதிகள் புதியவரையும் வழி தவறவிடாமல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கொண்டு சேர்த்துவிடும்.

ஆனால் அக்கோயில் வாசலில் பயணம் இரண்டாகப் பிரிந்தது. ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க எவருக்கும் தடையில்லை. உள்ளே சென்று பொற்றாமரைக் குளத்தையும், 985 தூண்களைக் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தையும் காணும் உரிமையோ தாழ்த்தப்பட்டோருக்கும் நாடார்களுக்கும் மறுக்கப்பட்டிருந்தது. ஒரே வண்டியில் வந்த பள்ளத்தாக்குக்காரர்களில் ஒரு பகுதியினர் அம்மனைத் தரிசித்துத் திரும்ப, மற்றவர்கள் வீதியோடு நின்றுவிட நேர்ந்தது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றார். அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் ஆணையை இராஜாஜி அரசு அதே மாதத்தில் பிறப்பித்தது. மதுரைப் பயணத்தின் வரலாற்றில் இரயில் வந்த 1928-ஐவிட இந்த நாளே பெரியது. தொலைவைக் குறைத்தது இரயில், வாசலைத் திறந்தது இதுதான்.

திருமலை நாயக்கர் மகாலைப் பள்ளத்தாக்கு மக்கள் அறிந்த விதமும் தனித்தன்மை உடையது. 1636-இல் எழுந்த அவ்வரண்மனையின் பெரும்பகுதி சிதைந்து மறைந்தது. எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் மாவட்ட நீதிமன்றம் அங்கேயே 1970 வரை இயங்கியது. ஆகவே வரப்புத் தகராறுக்காகவோ பங்காளி வழக்குக்காகவோ வந்த உழவர், கட்டணச் சீட்டு எதுவும் இல்லாமல், வாய்தா எனப்படும் விசாரணைத் தவணைக்குக் காத்திருந்தபடியே அந்தப் பெருந்தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ஒலி-ஒளிக் காட்சிக்கு வரும் கூட்டத்தினருக்கு அம்மண்டபம் தரும் வியப்பினின்று, வழக்கின் முடிவு தெரியாமல் நின்றவர் கண்ட காட்சி வேறுபட்டது.

1950-களில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. தமுக்கம் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகமும், ஆசியாவிலேயே பெரியது என்று மக்கள் பெருமை பேசிய தங்கம் திரையரங்கும் அதில் சேர்ந்தன. ஊர் திரும்புமுன் புதுமண்டபத்தில் பாத்திரமோ வளையலோ வாங்குவதும், அங்கு வரிசையாக அமர்ந்திருந்த தையற்காரர்களிடம் துணி தைக்கக் கொடுப்பதும் வழக்கமாயின.

2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டது. மீண்டும் இரயில் தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் 15 அன்றும்தான் வந்தது. எனினும் அப்போது விடப்பட்ட முன்பதிவில்லா இரயில், காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் போடியிலிருந்து திரும்பும் வகையில் அமைந்தது. மதுரைக்காரர் மலையடிவாரத்தைப் பகலில் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு சேர அது உதவியது. தேவாரத்திலிருந்து ஒருநாளில் மதுரை பார்த்துத் திரும்ப விரும்பியவரோ, விடியற்காலையில் ஆரப்பாளையத்துக்குப் பேருந்து ஏற வேண்டிய நிலையிலேயே இருந்தார்.