செங்கோட்டை வாயிலும் ஒரு நீர்வண்ண ஓவியமும்

கோட்டை வாயில் வெறும் வழியன்று. அஃது ஓர் எல்லைக்குறி. அகத்தே எவர் ஆணை செல்லும், புறத்தே எவர் ஆணை செல்லும் என்பதை வாய் திறவாமல் உரைப்பது அதுவே. தில்லிச் செங்கோட்டையின் லாகூர் வாயில் இதற்குத் தக்க சான்றாகும்.

ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் நிறைவுசெய்த கோட்டை இது. சாந்தினி சௌக் வீதிக்கு நேரெதிரே இவ்வாயில் திறந்து நின்றது. பின்னர் ஔரங்கசீப் அதன் முன்னே ஒரு மறைப்பு மதிலை எழுப்பினார். ஆக்ராவில் சிறையிருந்த தந்தை அதனைக் கேட்டு, மணமகள் போன்ற கோட்டைக்கு மகன் முக்காடு இட்டுவிட்டானே என வருந்தினார் என்பது செவிவழிச் செய்தி.

1846-ஆம் ஆண்டில் மஸ்ஹர் அலி கான் என்னும் தில்லி ஓவியர், இவ்வாயிலின் உச்சியிலிருந்து சுற்றிலும் தோன்றும் காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஐந்து தாள்களை ஒட்டி அமைத்த அவ்வோவியம் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுடையது; இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதில் ஒருபுறம் அரண்மனை. மறுபுறம் ஜும்மா மசூதியும் மாடவீடுகளும் நிறைந்த நகரம்.

அந்நாளில் மன்னர் பகதூர் ஷா, கும்பெனியாரிடம் உதவித்தொகை பெற்று வாழ்ந்தவர். அவரது ஆணை கோட்டைச் சுவரோடு நின்றது. நகரை ஆண்டவர் கும்பெனியார். ஓவியர் இதனைக் கருதியே தீட்டினார் என்று நாம் துணிந்து கூறவில்லை. ஆயினும், அவர் நின்ற இடமே இரண்டு ஆட்சிகளின் எல்லையன்றோ!

பதினோராண்டுகள் கழிந்தன. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் மன்னரை இரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862-இல் அவர் அங்கேயே மறைந்தார். அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை அவர்கள் இடித்தனர். கோட்டையைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் அகற்றி வெளியாக்கினர். ஓவியர் கண்ட இருபுறக் காட்சிகளிலும் பெரும்பகுதி மறைந்தது. அவர் நின்ற வாயில் மட்டும் குலையாது நின்றது. அழிந்தவற்றின் உருவை இன்று நமக்குக் காட்டுவது அவருடைய தூரிகையே.

1947 ஆகஸ்டு 16-இல் நேரு செங்கோட்டையில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-இல் பிரதமர் கொடியேற்றுவதும் இவ்வாயிலருகே உள்ள கொத்தளத்திலேதான். தலைநகரில் வாழும் நாம் அக்கொடியை அண்ணாந்து நோக்கும்போது, கீழே நிற்கும் வாயிலையும் ஒருகணம் நோக்குவோமாக. ஒரு காலத்தில் ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிரித்துவைத்த அவ்வாயிலின்மேல் இன்று பறப்பது மக்களின் கொடி.