சீயக்காயும் ஷாம்பூவும்

ஈராண்டுகளுக்கு முன் நான் ஷாம்பூவைத் தலைமுழுகினேன். இருபொருள்படப் பேசுகிறேன் என்று எண்ணிச் சிரிக்க வேண்டா, நடந்ததைத்தான் சொல்கிறேன். நாள்தோறும் அதைத் தேய்த்துக் குளித்து வந்ததில் என் உச்சந்தலை வறண்டு, செதில் செதிலாக உதிர்ந்து, ஓயாமல் அரிக்கத் தொடங்கிற்று. தேய்ப்பதைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். நான் அடியோடு விட்டுவிட்டேன். வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, விட்ட பொருளாயினும் அதன் பிறப்பு வளர்ப்பை ஆராயாமல் உறக்கம் வராது. அவ்வாறு தேடிக் கண்ட செய்திகளையே மாணவ நண்பர்களாகிய உங்களிடம் இன்று சொல்ல வந்தேன்.

ஷாம்பூ என்பதை ஆங்கிலச் சொல் என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கிறோம். அது நம் நாட்டுச் சொல். இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குதல், பிசைதல். 'சாம்போ' என்றால் 'அமுக்கு' என்னும் ஏவல். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இங்கு வந்த ஆங்கிலேயர், உடம்பு பிடித்துவிடுவோரிடம் இச்சொல்லைக் கேட்டுத் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அது அவர்தம் எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆனால், கூந்தல் கழுவுவதற்கும் அச்சொல்லுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை.

அச்சொல்லை இங்கிலாந்தில் ஊரறியச் செய்தவர் ஓர் இந்தியர். தீன் முகம்மது என்பது அவர் பெயர். 1759இல் பாட்னாவிற் பிறந்தவர். சிறு வயதிலேயே கம்பெனிப் படையைச் சார்ந்து வாழத் தொடங்கியவர். 1784இல், தம்மை ஆதரித்த படைத்தலைவருடன் அயர்லாந்து சென்று கார்க் நகரிற் குடியேறினார். 1794இல் தம் பயண அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே. பின்னர் 1810இல் லண்டனில் இந்திய உணவு விடுதி ஒன்றைத் திறந்தார். ஈராண்டுகளில் கையிலிருந்த பொருளை எல்லாம் இழந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், மனைவி மக்களுடன் அயல்நாட்டில் வெறுங்கையோடு நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தது, பிறந்த மண்ணில் அவர் கண்டறிந்த இந்தக் கைத்தொழில்தான்.

பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் அவர் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். மூலிகை கலந்த ஆவியிற் குளிப்பவர் கம்பளித் துணியாலான ஒரு கூடாரத்தினுள் அமர்ந்திருப்பார். துணியிலுள்ள பிளவுகளின் வழியே வெளியிலிருந்து கைகள் நுழைந்து அவர் உடம்பைப் பிசைந்துவிடும். இதற்குத்தான் 'ஷாம்பூயிங்' என்று பெயர். மூட்டுவலி நீங்கியவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் அந்நிலையத்தில் தொங்கவிடப்பட்டிருந்தன. விளம்பரக் கலையிலும் அவர் வல்லவர் போலும்! 1822இல் இத்தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் இத்தொழிலில் பணியாற்றும் பேறு பெற்றார். 1851இல் பிரைட்டனிலேயே காலமானார்.

அவர் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளில் சொல்லின் பொருள் மாறத் தொடங்கிற்று. உடம்பைப் பிசைவது தலையைப் பிசைந்து கழுவுவதாகிப் பின்னர் கழுவும் பொருளுக்கே பெயராயிற்று. 1903இல் பெர்லின் நகரத்து வேதியியலர் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் நீரிற் கரையும் தூள் ஷாம்பூவை விற்கலானார். 1927இல் அவர் தொடங்கிய நிறுவனம் அதனை நீர்ம வடிவிலும் கொணர்ந்தது. 1930களில் அமெரிக்காவில் சவர்க்காரத்தை விடுத்துச் செயற்கை அழுக்கு நீக்கிகளால் ஷாம்பூ செய்யப்பட்டது. சவர்க்காரம் உப்பு நீரில் திரிந்து மயிரிற் பிசுக்காக ஒட்டும். புதியது அவ்வாறு ஒட்டாது. ஆயினும் அவற்றுள் கடுமையானவை அழுக்கோடு, தோலைக் காக்கும் இயற்கை எண்ணெயையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். என் தலையில் நிகழ்ந்தது அதுவே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடுகிறாள். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீர் அவளுக்கு அமைகிறது. எண்ணெய் தேய்த்த கூந்தலை அந்நீரிற் கழுவி, அகிற்புகையில் உலர்த்துகிறாள். அப்பத்துத் துவர் யாவை என்று பழைய உரை கூறும் பட்டியலில் பூவந்தியும் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் பூந்திக்கொட்டை என்று கேட்டால் கிடைக்குமே, அதுதான். அதிலும் சீயக்காயிலும் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இயல்பாகவே அமைந்துள்ளது. கொங்கு நாட்டில் உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த அரப்பு இதே பணியைச் செய்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பெருமிதத்தோடு சீயக்காய்த்தூளை வெந்நீரிற் குழைத்துத் தேய்த்தேன். தூள் மயிரிடையே சிக்கிக்கொண்டது. கண்ணிற் பட்ட எரிச்சல் அரை நாள் தீரவில்லை. ஒரு மாதம் இவ்வாறு துன்புற்றபின், ஊரிலிருந்து வந்த என் அத்தை பார்த்துவிட்டு, "இதென்னடா, தலைக்குச் சாந்து பூசுகிறாயா?" என்றார். தூளைச் சலித்து, சோறு வடித்த கஞ்சியிற் கரைத்து, வெந்தயப் பொடி சிறிது சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்க்க வேண்டும். எண்ணெய் வைத்து ஊறிய தலையாயிருக்க வேண்டும். வாரத்தில் இருமுறை போதும். இவ்வளவையும் அவர் சொன்ன பிறகே என் தலை தேறிற்று. நான் புரட்டிய நூல்களுள் ஒன்றும் கஞ்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை!

ஆனால், பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. கஞ்சி வடிப்பவர் யார்? சீயக்காயை வெயிலிற் காயவைத்து இடிப்பவர் யார்? எண்ணெய் முழுக்கு நாளில் வீட்டுப் பெண்களுக்கு அரைப் பொழுது அதிலேயே கழியும். மாதவிக்கு நீர் கூட்டிய கைகள் எவருடையவை என்பதைக் காப்பியமும் கூறவில்லை. 1980களில் சிறு உறையில் அடைத்த ஷாம்பூ பெட்டிக்கடைக்கு வந்தபோது, காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் விரைந்த பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. ஆகவே என் சீயக்காயை நானே இடித்துக்கொள்கிறேன். கஞ்சியையும் நானே வடித்துக்கொள்கிறேன்.

சென்ற தீபாவளியன்று அத்தை என் தலையில் எண்ணெய் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தபோது, தீன் முகம்மதுவின் கதையை அவருக்கு முழுமையாகச் சொன்னேன். ராஜாவுக்கே பிடித்துவிட்டார் என்றதும் அவர் கை சற்று நின்றது.

"அந்த மனிதர் வைத்தது நல்லெண்ணெய்தானே?" என்று கேட்டுவிட்டு, மீண்டும் அமுக்கத் தொடங்கினார்.