கித்தாப் பலகையும் குருந்தக்கல்லும்



சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குக் கித்தா மரம் என்றாலே பாலும் மங்கும்தான் நினைவுக்கு வரும். அதன் பலகையை நினைப்பார் அரியர். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம் வீட்டடுப்பிலும், ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீட்டிலும் விறகாய் எரிந்தது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பற்றும் மரம் அது. தச்சர் தொடாததில் வியப்பில்லை. மருந்தூட்டிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, 1980-களில், அது மேசை நாற்காலிக்குரிய மரமாய் மதிப்புப் பெற்றது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, நம்மவர் பலர் குடிபெயர்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே.

பலகையை இழைத்தால் மட்டும் போதாது. தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். எதைக் கொண்டு தேய்ப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மலாய்க் கைவினைஞர் மெம்பெலாஸ் என்னும் கொடியின் சொரசொரப்பான இலையால் மரத்தைத் தேய்த்தனர். தமிழகத்தில் அதே பணியைச் செய்தது பிராய் இலை. பராய் என்றும் அதற்குப் பெயர். திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுதான்.

பின்னர் உப்புத்தாள் வந்தது. 1891-இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் மின்னுலையில் கண்ட புதிய தேய்பொருளுக்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். கரிமமும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று அவர் எண்ணினார். எண்ணம் பிழை, அது சிலிக்கன் கார்பைடு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! அந்தக் கொரண்டம், கடினத்தில் வைரத்திற்கு அடுத்து நிற்கும் நம் குருந்தக்கல். ஆங்கில அகராதிகளே அச்சொல்லின் வேர் தமிழ் எனக் குறிக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அக்கல் கிடைக்கிறது. 1954-இல் முருகப்பா குழுமம் பங்குகொண்டு தொடங்கிய தேய்பொருள் நிறுவனத்திற்கும் கார்போரண்டம் யுனிவர்சல் என்றே பெயர்.

கித்தாப் பலகைக்கு எந்தத் தாள் பொருந்தும்? வெறும் மரத்திற்கு அலுமினியம் ஆக்சைடு தாள். அதுவும் செயற்கைக் குருந்தமே. 120-இல் தொடங்கி 180, 240 எனப் படிப்படியாக, மரவரி ஓடும் திசையிலேயே தேய்த்தல் நன்று. இடைப்படியைத் தாண்டினால் முதல் தாளின் கீறல்கள் வார்னிஷ் பூசிய பின் பல்லிளிக்கும். சிலிக்கன் கார்பைடு கூர்மை மிக்கது. ஆனால் எளிதில் நொறுங்கும். அதன் நுண்தாளைப் பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே மெல்லத் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

மரவேலை செய்யும் பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் 'மணல்தாள்' என்று மட்டுமே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குருந்தம் என்ற சொல்லை ஒருமுறைகூடக் கரும்பலகையில் எழுதியதில்லை.