வெள்ளையர் தகுதிக்குச் சாதியைச் சான்றாக்கிய வழக்கு: பகத் சிங் திண்ட், 1923

அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் வெள்ளையர் அல்லர்; ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பகத் சிங் திண்ட் வழக்கில் வெளியான இத்தீர்ப்பின் இனவெறி பரவலாக அறியப்பட்டது. குடியுரிமை கோரி வைக்கப்பட்ட வாதத்தின் சாதியம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பின்னணி

1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெற இடமளித்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டனர். ஆசியர்கள் இரு வரையறைக்கும் வெளியே நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து சென்றோர் மேற்குக் கடற்கரையின் மர ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்தனர். எம்மதத்தவராயினும் அவர்கள் ‘இந்துக்கள்’ என்றே அழைக்கப்பட்டனர். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காமில் வெள்ளையர் கும்பல் அவர்களைத் தாக்கி ஊரைவிட்டு விரட்டியது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தொழிலாளர்களின் வருகையையே தடுத்தது.

வாதமும் தீர்ப்பும்

சீக்கியரான திண்ட், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1920இல் ஓரிகனில் அவருக்குக் கிடைத்த குடியுரிமையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தது. சட்டத்தின் நிறபேதத்தை அவர் தரப்பு கேள்விக்குட்படுத்தவில்லை. அவர் ‘உயர்சாதி இந்து’, ஆரிய வழியினர், எனவே காக்கேசிய இனத்தவர் என்றே வாதிட்டது. சாதி அகமணம் இரத்தத் தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மணவுறவில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எவ்வாறு நோக்குகின்றனரோ, அவ்வாறே உயர்சாதியினர் இந்தியப் பூர்வகுடிகளை நோக்குகின்றனர் என்றும் கூறப்பட்டது. தீண்டாமையின் அடிப்படையே இங்கு தகுதிச் சான்றாக நீட்டப்பட்டது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட், ‘வெள்ளையர்’ என்ற சொல்லுக்குச் சாமானியர் கொள்ளும் பொருளே செல்லும் என்றார். சாதி விதிகளால் இனக்கலப்பை முற்றாகத் தடுக்க இயலவில்லை என்றும் குறிப்பிட்டார்.

விளைவுகள்

முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்குவதைக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. குடியுரிமை இழந்த வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். முன்னாள் படைவீரர்களுக்கான 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே திண்ட் மறு ஆண்டு குடியுரிமை பெற்றார். பிற இந்தியர்கள் 1946 வரை காத்திருந்தனர். அப்போதும் ஆண்டுக்கு 100 பேரே குடியேறலாம். நாட்டுவாரி ஒதுக்கீடு 1965இல்தான் நீக்கப்பட்டது. அதற்கான அரசியல் சூழலைக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டமே உருவாக்கியது. எந்த மக்களிடமிருந்து திண்ட் தரப்பு விலகி நிற்க முயன்றதோ, அவர்களது போராட்டத்தின் பயனை இந்தியர்கள் அனைவரும் பெற்றனர்.

இன்று

இனப் பாகுபாட்டுக்கு ஆளானதால் ஒருவரது சாதியம் அழிந்துவிடுவதில்லை. பெல்லிங்காம் அமைந்துள்ள அதே வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரம், 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாயிற்று. கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை, நடப்புச் சட்டங்களே போதும் என்று கூறி ஆளுநர் அதே ஆண்டு அக்டோபரில் நிராகரித்தார். சாதி என்ற சொல் சட்டத்தில் இல்லாத இடத்தில், தமக்கு நேர்ந்தது பாகுபாடுதான் என்பதை முதலில் விளக்க வேண்டிய சுமை தலித்துகள் மீதே விழுகிறது.